முப்பத்தாறு தரம் ‘ஒருபோதும் இல்லை’

1

இதை அக்காவின் அனுமதியோடு எழுதுகிறேன். இதற்கு முன் அவரைப் பற்றி ஒன்பது கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அவற்றுக்கு அனுமதி கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை. ஊரில் இருக்கும் நீங்கள் சிலவற்றை வாசித்திருக்கக்கூடும். பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சைக்கென்று கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறிய அக்கா இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு, கொழும்பையே தாண்டி இரத்மலானை வரை போன கதை. பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பால் வாங்கப் போய், அவர்கள் எழும்பிப் போன பிறகு பால் பக்கெற்றோடு வந்து சேர்ந்த கதை. ஒரே மாதத்தில் தேத்தண்ணிக் கேத்தல் மூன்றைக் கருக்கிய கதை. வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவனுக்கு வெள்ளவத்தையில் மறதிக்கார அக்கா ஒருவர் இருப்பது, வியாபாரிக்கு நாற்சந்தியில் கடை கிடைத்த மாதிரி. சரக்குத் தீராது.

நான் லண்டனின் வடமேற்குப் பக்கத்தில், நடுவில் மூன்று வருடம் நீங்கலாக, இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். மனைவி, ஒரு மகள், மாதத்தவணையில் ஒரு வீடு. மகள் ஆரணிக்குப் பதினாறு வயது. எங்கள் காலைப்பொழுது தேடுதலோடு தொடங்கும். ஒரு சப்பாத்து, பஸ் அட்டை, நேற்றுச் செய்த கணக்கு. எல்லாம் கடைசியில் கிடைக்கும், பஸ் போன பிறகு. போன மார்கழியில் பள்ளிக்கூடத்து மாதிரிப் பரீட்சையில் வினாத்தாளின் முதற்பக்கத்துக்கு அச்சடித்த மாதிரி விடை எழுதிவிட்டு, பக்கத்தைப் புரட்டாமல் ஒன்றரை மணிநேரம் சும்மா இருந்திருக்கிறாள். பின்பக்கத்திலும் கேள்வி இருந்ததை வெளியே வந்து சிநேகிதி சொல்லித்தான் அறிந்தாள். அதற்குப் பிறகு சில நாட்கள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று போர்வைக்குள் கிடந்தாள்.

கவனம் ஒரு இடத்தில் நிற்காத குறைபாடாக இருக்கலாம் என்று ஆசிரியை ஒருவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். கிளினிக்கில் பதினெட்டு மாதம் வரிசையில் நின்று இடம் கிடைத்தது. அவர்கள் உறுதிப்படுத்தினால் வைகாசியில் வரும் பெரிய பரீட்சைக்கு மேலதிக நேரம் கிடைக்கும், தனி அறை கிடைக்கும், அதைவிட முக்கியமாகச் சிகிச்சை கிடைக்கும். உறுதிப்படுத்தாவிட்டால் அவள் ‘முயற்சி போதாத பிள்ளை’. அந்தச் சொற்றொடர் அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் ஏற்கெனவே நான்கு இடத்தில் இருந்தது.

உறுதிப்படுத்த ஒரு நிபந்தனை. இந்தச் சிக்கல் சிறுவயதிலேயே இருந்தது என்பதற்கு, அப்போது பிள்ளையைக் கிட்ட இருந்து பார்த்த ஒருவர் சாட்சி சொல்லவேண்டும். ஒன்பது வயதுக்குப் பிறகு லண்டனில் நடந்ததை நாடு மாறிய குழப்பம் என்று கிளினிக் ஒதுக்கிவிட்டது. அதற்கு முன், ஆறிலிருந்து ஒன்பது வயதுவரை, ஆரணி இருந்தது வெள்ளவத்தையில். யுத்தம் முடிந்த பிறகு நாட்டுக்கு ஏதாவது செய்வோம் என்று நானும் மனைவியும் போய், ஒரு கொம்பனி தொடங்கி, மூன்று வருடத்தில் அதை வெற்றிகரமாக மூடிவிட்டு வந்தவர்கள். நாங்கள் இருவரும் கந்தோரிலிருந்து வீட்டுக்கு வர ஏழு மணியாகும். அதுவரை பிள்ளையைப் பார்த்தது அக்கா. அவள் படித்த சர்வதேசப் பாடசாலை இப்போது கலியாண மண்டபமாகிவிட்டது. அதன் தேர்ச்சி அறிக்கைகளிலோ, காய்ச்சலில் கிடந்த தவணைக்கும் ‘மிக நன்று’ என்றே இருக்கிறது. ஆகவே உலகத்தில் சாட்சி என்று மிஞ்சியவர் அக்கா ஒருவர்தான்.

படிவத்தைப் படம் பிடித்து அக்காவின் போனுக்கு அனுப்பினேன். ‘இதை நிரப்பி உடன அனுப்புங்கோ. அவசரம்’ என்று மட்டும் எழுதினேன். விளக்கிச் சொல்ல நேரம் இருக்கவில்லை. அன்றைக்கு ஒரு கட்டுரை முடிக்கவேண்டியிருந்தது.

2

மூன்று கிழமையில் பதிவுத் தபாலில் பதில் வந்தது. முப்பத்தாறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்: ஒருபோதும் இல்லை, சிலவேளை, அடிக்கடி, மிக அடிக்கடி. முப்பத்தாறுக்கும் ‘ஒருபோதும் இல்லை’. பேனையை அழுத்திப் பிடித்துப் போட்ட சரி அடையாளங்கள். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் விரலுக்குத் தெரிந்தன. கீழே, கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஜேபி ஒருவரின், அதாவது சமாதான நீதவானின், வட்ட முத்திரை.

கிளினிக் மருத்துவர் அந்த முத்திரையைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் போட்டுக்கொண்டும் பார்த்தார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் நீதவான் முத்திரையோடு வந்த முதல் படிவம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

நான் விளக்கம் கொடுத்தேன். விளக்கம் கொடுப்பதில் எனக்குக் குறைச்சல் இல்லை. எங்கள் ஆட்களுக்குப் படிவம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது, டொக்டர். யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். வெளியார் தங்கியிருக்கிறார்களா? இல்லை. வடக்கிலிருந்து யாராவது வந்தார்களா? இல்லை. ஓம் என்று எழுதினால் ஜீப் வரும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த மனிசி, எந்தக் கடதாசியைக் கண்டாலும் இல்லை என்றுதான் போடுவா. மருத்துவர் மிக அனுதாபத்தோடு கேட்டார். நானும் என் விளக்கத்தில் மயங்கிப்போய், இதையே ஒரு கட்டுரையாக்கலாம் என்று வீட்டுக்கு வரும் வழியில் தலைப்புக்கூட யோசித்தேன்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. சிறுபராயத்தில் அறிகுறிகள் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. கோப்பு மூடப்படுகிறது. எட்டு வாரத்துக்குள் புதிய தகவல் தந்தால் திரும்பத் திறக்கலாம். கூடவே ஒரு துண்டுப்பிரசுரம். கவனக் குறைபாடு பதின்மவயதில் கண்டுகொள்ளாமல் விடப்பட்டால் வளர்ந்த பின் என்னென்ன ஆகலாம் என்று அதில் இருந்தது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, வேளைக்கு உதவி கிடைத்தவர்களில் நன்றாக வந்தவர்கள் நிறையப் பேர் என்றும் நேர்மையாகப் போட்டிருந்தார்கள்.

ஆரணி அதைக் காரின் முன் இருக்கையில் இருந்து வாசித்தாள். படிப்பைக் குறையில் விடுதல். வேலைக்கு வேலை மாறுதல். அடுப்பு, வீதி முதலிய இடங்களில் விபத்து. நிச்சயித்த உறவுகள் முறிதல். தன்னை மட்டமாக நினைத்தல்.

“அப்பா, இது மாமி” என்றாள். அவளுக்கு மாமி என்றால் அக்கா.

“எது?”

“இந்தப் பேஜ் முழுக்க. உங்கட ஆர்ட்டிகிள் மாதிரியே இருக்கு. ஜோக்ஸை எடுத்துட்டா.”

அவள் தாளை நான்காக மடித்தாள்.

“நான் மாமி மாதிரி வரப்போறன் எண்டு அம்மா சொல்லேக்க நீங்க சிரிப்பீங்கள். நானும் சிரிக்கிறனான். அது ஜோக் எண்டு நினைச்சன். இப்ப டொக்டர்மாரும் அதைத்தான் எழுதியிருக்கினம்.”

காரை வீதியோரத்தில் நிறுத்தினேன். நிறுத்துவதற்கு அங்கே தடை என்பது பிறகு தபாலில் வந்த தண்டப்பணத் துண்டால் தெரியவந்தது.

வீட்டுக்கு வந்து என் கட்டுரைகளை எடுத்தேன். சென்னையில் ஒரு பதிப்பாளர் அவற்றைப் புத்தகமாகப் போட முன்வந்து, அச்சுப்படிகள் மேசையில் கிடந்தன. துண்டுப்பிரசுரத்தைப் பக்கத்தில் வைத்தேன். அதில் ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் ஒரு கட்டுரை இருந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்த கட்டுரைகள். ஒரு மனிசியின் நோயறிக்கையைத் தவணை முறையில் எழுதி, அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

3

அப்பாவின் ஆண்டுத் திவசம் அந்த மாதக் கடைசியில் வந்தது. “போய் அக்காவைக் கொண்டு உள்ளதை உள்ளபடி எழுதுவிச்சுக்கொண்டு வாங்கோ” என்று மனைவி விமானச் சீட்டுப் போட்டாள். எட்டு வாரத்தில் மூன்று ஏற்கெனவே போயிருந்தன.

அக்காவின் பெயர் சுகந்தி. வயது ஐம்பத்து நான்கு. கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் நாலாம் மாடியில் தனியாக இருக்கிறார். தையல், புத்தகக் கடை, சிறுவர் பள்ளி, மருந்துக் கடை என்று வேலைகள் மாறி, இப்போது கேக் அடித்துக் கொடுக்கிறார். வீட்டுச் சாவி கழுத்தில் கயிற்றில் தொங்கும். கதவின் உட்பக்கத்தில் ‘காஸ், பைப், போன்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். அவருடைய கைத்தொலைபேசி நாள் முழுக்க வெவ்வேறு மணியில் அடிக்கும். அந்த வீட்டைப் புகையிரத நிலையம் என்று நான்தான் எழுதினேன்.

திவசச் சமையலில் பதினேழு கறி. ஒன்றுகூட அடிப்பிடிக்கவில்லை. ஒவ்வொரு அடுப்புக்கும் போனில் ஒரு மணி வைத்திருந்தார். நான் அதை முதல்முறை கவனித்தேன்.

ஐயர் போன பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். பாமன்கடையிலிருந்து வந்திருந்த சித்தப்பா மோரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“டேய் ரவி, எங்க அந்த இரத்மலானைக் கதையை ஒருக்காச் சொல்லு. என்ர மருமோன் கேக்கேல்ல.”

“இப்ப வேண்டாம், சித்தப்பா.”

“என்னடா, லண்டனில காசு குடுத்தால்தான் சொல்லுவியோ?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா பாயாசக் குவளையோடு எனக்குப் பின்னால் நின்றார்.

“சொல்லன், தம்பி” என்றார். “சனம் ஆசையாக் கேக்குது. பஸ் கொண்டக்டர் சிங்களத்தில கேட்டதையும் சொல்லு, அதுக்குத்தான் கூடச் சிரிக்கிறவை.”

இத்தனை வருடமும் நான் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் அந்த வீட்டுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறார். பரிமாறிக்கொண்டு. எந்த இடத்தில் எவ்வளவு சிரிப்பு என்று கணக்கும் வைத்திருக்கிறார். நான் கை கழுவ எழும்பிவிட்டேன். கதையைச் சித்தப்பா சொன்னார். என்னைவிட நன்றாகவே சொன்னார்.

4

இரண்டரை மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். அக்கா தாச்சி கழுவிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்தப் போமைப் பற்றிக் கதைக்கவேணும்.”

“அதுதான் சீல் குத்தி அனுப்பினனே. அதுக்கு மேலயும் ஏதும் வேணுமாமோ?”

“முப்பத்தாறுக்கும் ஒருபோதும் இல்லை எண்டு போட்டிருக்கிறீங்கள்.”

“பின்ன?”

“பிள்ளை ஒருநாளும் சாமான் துலைக்கிறேல்லையோ?”

அக்கா குழாயைப் பூட்டினார். “எந்தப் பிள்ளை?”

“ஆரணி.”

“ஆரணிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அது என்னைப் பற்றின போம்தானே.”

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி விடுகிற முகம் இல்லை.

“புத்தகம் வரப்போகுது எண்டு போனில சொன்னனி. ரெண்டாம் கிழமை இது வருது. எனக்கு இங்கிலிசு அவ்வளவு ஓடாது எண்டு உனக்குத் தெரியும். கொமியூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரிண்ட் எடுத்து, அங்க நிக்கிற பெட்டையைத்தான் வாசிக்கச் சொன்னன். அவள் கடை முழுக்கக் கேக்க வாசிக்கிறாள். பொருட்களை அடிக்கடி துலைப்பாரா. நேர கதைக்கேக்கயும் கேக்காத மாதிரி நிப்பாரா. சொன்ன வேலையைக் குறையில விடுவாரா. போட்டோக்கொப்பி எடுக்க நாலு பேர் நிண்டவை. இதெல்லாம் உன்ர கட்டுரைதானே, தம்பி. நம்பர் மட்டும் போட்டிருக்கு.”

“ஐயோ அக்கா—”

“நான் நினைச்சன், புத்தகம் அடிக்கிறவை உண்மையோ எண்டு கேக்கினமாக்கும் எண்டு. கேட்டால் இல்லை எண்டு சொல்லத்தானே வேணும். அடுத்த நாளே புதுக்கடைக்குப் போனன்.”

அங்கே நடந்ததையும் சொன்னார். ஜேபி வயதான முஸ்லிம் பெரியவர். முத்திரை குத்துமுன் முழுவதையும் வாசித்தாராம். “தங்கச்சி, முப்பத்தாறுக்கும் ஒருபோதும் இல்லையா? நீங்க மனிசியா மலக்கா?” என்று கேட்டாராம். மலக்கு என்றால் வானவர் என்று அவரே விளங்கப்படுத்தினாராம்.

“நான் சொன்னன், ஹாஜியார், இது கோர்ட்டுக்கில்ல, என்ர தம்பிக்கு எண்டு. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பாத்தார். ‘கையெழுத்து உங்கடதுதான் எண்டதுக்கு மட்டும் குத்துறன், உள்ளுக்க இருக்கிறது உங்களுக்கும் தம்பிக்கும் இடையில’ எண்டிட்டுக் குத்தினவர்.”

நான் போனை எடுத்து அன்றைக்கு அனுப்பியதைப் பார்த்தேன். படிவம் நான்கு பக்கம். ஆரணியின் பெயர், வயது, கிளினிக்கின் விலாசம், ‘பன்னிரண்டு வயதுக்கு முன் இந்தப் பிள்ளை எப்படி இருந்தார்’ என்ற குறிப்பு, எல்லாம் முதற்பக்கத்தில். நான் அனுப்பியிருந்தது மூன்று பக்கம். இரண்டு, மூன்று, நான்கு. திரும்பி வந்தபோதும் மூன்று தாள்தான் வந்தது. முதல் தாள் வீட்டில் கிடந்தது, எடுத்துச் சேர்த்துக் கொடுத்தேன். ஏன் மூன்று என்று யோசிக்கவில்லை. இதை அக்கா செய்திருந்தால் பத்தாவது கட்டுரை எழுதியிருப்பேன்.

அவரிடம் சொன்னேன்.

“முதல் பக்கத்தை விட்டிட்டியோ?”

“ஓம்.”

“முதல் பக்கத்தை.”

“ஓம், அக்கா.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். தாச்சி கழுவின கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அவரைப் பற்றி எழுதிய எதற்கும் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. பிறகு சட்டென்று நிறுத்தினார்.

“அப்ப பிள்ளைக்கு என்ன வருத்தம்?”

5

சொன்னேன். புரட்டாத வினாத்தாள், போர்வை, மூடின கோப்பு, துண்டுப்பிரசுரம். காரில் அவள் சொன்னதை மட்டும் விட்டுவிட நினைத்தேன். முடியவில்லை. அதையும் சொன்னேன்.

அக்கா கதிரையில் உட்கார்ந்தார். அவர் முதலில் பேசியது ஆரணியைப் பற்றி இல்லை.

“பால் வாங்கப் போன கதை எழுதினாய். பெண் பாக்க வந்ததையே மறந்தவள் எண்டு. நான் மறக்கேல்ல, தம்பி. சந்தைக்கு முன்னால பக்கெற்றோட ஒரு மணித்தியாலம் நிண்டனான். அந்த மனிசன் நல்லவர் எண்டு தெரியும். அவையின்ர வீட்டையும் அடுப்பை மறந்து எரிச்சுப்போட்டன் எண்டால் என்ன செய்யிறது எண்டு பயம். அதுதான் நிண்டனான்.”

“நீங்கள் ஒருக்காலும் சொல்லேல்லயே.”

“மறந்தவள் எண்டால் சிரிச்சிட்டு விட்டிடுவினம். பயந்தவள் எண்டால் ஏன் எண்டு கேப்பினம்.”

பரீட்சையன்று பஸ்ஸை விட்டது உண்மை என்றார். இறங்கவேண்டிய இடம் எப்போது போனதென்றே தெரியாதாம். அன்றைக்கு வந்த கணக்கு எல்லாம் தனக்குத் தெரியும் என்றார். பிறகு யாரோ வினாத்தாளைக் கொண்டுவந்தபோது வீட்டில் இருந்து செய்து பார்த்தாராம். அடுத்த வருடம் எடுக்க அப்பா விடவில்லை. படிப்பு ஏறாத பிள்ளை என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. இனி ஏறினால் அப்பாவுக்கு மரியாதை இல்லை.

பன்னிரண்டு வயதுப் பையனாக அந்த வீட்டில் நானும் இருந்தேன். எனக்கு ஞாபகம் இருப்பது பஸ் கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டதாக அவர் வந்து சொன்னது மட்டும்.

“தா அந்தப் போமை” என்றார். “இந்த முறை நாலு பக்கமும் இருக்கோ?”

பேனையைக் கொடுத்தேன். கேள்விகளை நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அக்கா முதலாவதிலேயே ‘ஒருபோதும் இல்லை’யிலும் ‘மிக அடிக்கடி’யிலும் இரண்டு சரி போட்டார்.

“அக்கா, ஒண்டுக்குத்தான் போடலாம்.”

“அப்ப அவைக்கு உண்மை வேண்டாமாக்கும். பிள்ளையைத் தனிய விட்டால் எப்பவும். நான் பக்கத்தில நிண்டால் ஒருநாளும் இல்லை. எதைப் போட?”

அதன் பிறகு அவர் சொன்னதைத்தான் நான் கீழே ஆங்கிலத்தில் எழுதினேன். ஆரணிக்கு ஒரு பக்கம் கணக்கைக் காட்டினால் தலைசுற்றி எழும்பி ஓடிவிடுவாள். ஆகவே அட்டையில் ஒரு யன்னல் வெட்டி, ஒரு கணக்கு மட்டும் தெரிய வைத்தாராம். வாய்ப்பாட்டை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. குசினியிலிருந்து பல்கனிக்கு ஒரு நடை, ஏழாம் வாய்ப்பாடு. திரும்பி வர எட்டாம் வாய்ப்பாடு. பள்ளிக்கூடப் பையைக் கதவுக் கைபிடியில் கொழுவினார், அதைத் தொடாமல் வெளியே போகமுடியாதபடி. குசினியில் நின்று ஒருநாளும் கூப்பிடவில்லை. கிட்டப் போய்த் தோளைத் தொட்டு, அவள் திரும்பிப் பார்த்த பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்வார்.

“ரெண்டு சொன்னால் ஒண்டு விழுந்திடும்.”

நாங்கள் இரவு ஏழு மணிக்கு வரும்போது வீட்டுப்பாடம் முடிந்திருக்கும். தலை வாரி இழுத்து, பை அடுக்கி, மகாராணி மாதிரி இருப்பாள். மூன்று வருடமும் அப்படித்தான். என் மூளை பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று மனைவியிடம் நான் பெருமையாகச் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. லண்டனுக்குத் திரும்பிய வருடமே எல்லாம் சரிந்தபோது, இங்கத்தைப் படிப்பு சரியில்லை என்று பள்ளிக்கூடத்தோடு சண்டை பிடித்ததும் நான்தான்.

“இதெல்லாம் உங்களுக்கு ஆர் சொல்லித்தந்தது?”

“ஆர் சொல்லித்தாறது? எனக்கு ஆராவது செய்திருக்கலாம் எண்டு நினைச்சதை அவளுக்குச் செய்தனான்.”

“எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே, அக்கா. போகேக்கயாவது.”

“சொன்னால் பிள்ளை என்னை மாதிரி எண்டு ஆகியிடும். உங்கட வீட்டில அதுக்கு என்ன அர்த்தம் எண்டு எனக்குத் தெரியும்தானே.”

6

படிவத்தை நான்கு பக்கமும் எண்ணி, இரண்டு தரம் எண்ணி, அன்றைக்கே கிளினிக்குக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. கோப்பைத் திரும்பத் திறக்கிறார்கள். அக்காவோடு காணொளியில் நேரே கதைக்க விரும்புகிறார்கள். அந்த அட்டை யன்னலின் அளவையும் மருத்துவர் கேட்டிருந்தார்.

அக்கா அன்று பின்னேரம் ஆரணியோடு போனில் கதைத்தார். நான் பல்கனியில் நின்றேன். என்ன கதைத்தார்கள் என்று முழுக்கக் கேட்கவில்லை. “உன்ர அப்பா முதல் பக்கத்தையே அனுப்பேல்ல, தெரியுமோ?” என்பது மட்டும் கேட்டது. போனுக்குள் அவள் சிரித்ததும் கேட்டது. மாதக்கணக்காக நான் கேட்காத சிரிப்பு.

புத்தகத்தை நிறுத்தச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதப்போவதாகச் சொன்னேன்.

“முழுக்க நிப்பாட்டாதை” என்றார் அக்கா. “கேத்தல் கதை நல்லது, அது இருக்கட்டும். பாலும் பஸ்ஸும் வேண்டாம். இனி எழுதிறதெண்டால் என்னைக் கேட்டிட்டு எழுது. நீ பக்கம் விட்டதையும் போடு.”

போட்டிருக்கிறேன்.

நான் வெளிக்கிட இரண்டு நாள் இருக்கும்போது காலையில் அக்கா ஒரு உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பாமன்கடையில் ஒரு டொக்டர் பெரிய ஆட்களையும் பார்க்கிறாராம், கேக் வாங்க வந்த பெண் ஒருவர் சொன்னாராம், போய்ப் பதிந்துவிட்டு வந்திருக்கிறார். உறைக்குள் ஏறக்குறைய அதே கேள்விகள். இந்த முறை தமிழில். முதற்பக்கத்தில் பெயர்: சுகந்தி.

“சின்னனில என்னைப் பாத்த ஆள் ஒருத்தர் நிரப்பவேணுமாம். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. நீதான் மிச்சம்” என்றார். “பகிடி இல்லாமல் எழுது.”

நான் அரைமணி நேரம் முதலாவது கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடமாக இந்த மனிசியை வைத்துப் பிழைத்தவன். எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் நான் எழுதிய வசனங்கள்தான். எந்த வசனத்துக்குச் சனம் சிரித்தது என்பது ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வயது அக்கா வரவேயில்லை.

“நீங்கள் என்ன நினைக்கிறீங்கள், அக்கா, சிலவேளையோ அடிக்கடியோ?”

“என்னைக் கேக்காதை. நீ கண்டதை எழுது.”

மெல்ல மெல்லத்தான் வந்தது. கொட்டாஞ்சேனை வீட்டு முற்றத்துக் குழாய். அக்கா வாளியைப் பார்த்தபடி நிற்கிறார், தண்ணீர் வழிந்தோடுகிறது, விறாந்தையில் இருந்து அப்பா பெயர் சொல்லிக் கத்துகிறார், மூன்றாம் தரம் கத்தும்போதுதான் அவருக்குக் கேட்கிறது. கேட்டதும் தோள் இரண்டும் காதுவரை உயர்கின்றன, அடி விழுமுன்னமே. இதை நான் எங்கும் எழுதியதில்லை. சிரிப்பில்லாத இடமாதலால் விட்டிருப்பேன். ‘மிக அடிக்கடி’யில் சரி போட்டேன். அவருடைய கொப்பிகள் வீடெங்கும் கிடந்ததும் வந்தது. மிக அடிக்கடி. எட்டு வயதுப் பையனான என் புத்தகப் பையை ஒவ்வொரு இரவும் அவர்தான் அடுக்குவார் என்பதும், என் புத்தகம் ஒன்றுகூட ஒருநாளும் விடுபட்டதில்லை என்பதும் வந்தன. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

அக்கா எதிரே இருந்து ஒரு கேக்குக்கு ஐசிங் பூசிக்கொண்டிருந்தார். நான் எதில் சரி போடுகிறேன் என்று எட்டிப் பார்க்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. தன் முறை வரும்வரை காத்திருக்கச் சிரமப்படுவாரா?

அதற்கு மட்டும் எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒருபோதும் இல்லை என்ற கட்டத்தில், தாளின் பின்பக்கத்தில் தெரியுமளவுக்கு அழுத்திப் போட்டேன்.